பி.டி. டீச்சர் பதில்கள்: உட்கார்ந்த கணக்கு

போன மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். பிள்ளை இருந்த இடத்தை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறது. பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் 31 வருஷம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் என்பதால் இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கேட்டதற்கும் பதில் இதற்குள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டீச்சர், என் மகன் பிளஸ் ஒன். காலை ஆறரைக்கு நீட் வகுப்பு, அப்புறம் ஸ்கூல், அதற்கப்புறம் டியூஷன். வீடு வந்து சேர ராத்திரி எட்டரை ஆகிறது. பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் எங்கே போவேன்?
ஓர் அம்மா, பெருமாள்புரம்

முதலில் ஒரு நோட்டில் அவன் உட்கார்ந்திருக்கிற நேரத்தை எழுதச் சொல்லுங்கள். நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் இதைச் செய்யச் சொல்வேன். வேனில் எவ்வளவு, வகுப்பில் எவ்வளவு, சாப்பிடும்போது, டியூஷனில், டிவி முன்னால், போன் கையில் இருக்கும்போது என்று ஒவ்வொன்றாக எழுதி, தூங்கும் நேரத்தை விட்டுவிட்டுக் கூட்ட வேண்டும். காலையில் குழாயடியிலிருந்து நாலு குடம் தண்ணீர் சுமந்துவிட்டு வந்த பிள்ளைக்கே ஒரு தடவை பதினோரு மணி நேரம் வந்தது. கூட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், தப்பாக் கூட்டிட்டேன் போல"ன்னு திரும்பவும் கூட்டினாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. உங்கள் மகனுக்குப் பதின்மூன்றைத் தாண்டும்.

நீங்கள் பேப்பரில் படித்தது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம். அந்தச் 'சராசரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை, எல்லா நாளும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஏழு மணி நேரம் சேர்ந்தால் போதும். காலை வகுப்புக்கு வேனை விட்டுவிட்டு இருபது நிமிடம் சைக்கிள், திரும்பும்போது இருபது நிமிடம், வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் ஸ்கிப்பிங். ஆறு நாளைக்கு ஐந்து மணி நேரம் வந்துவிட்டது. மீதி இரண்டு மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமை அண்ணா ஸ்டேடியத்தில் ஒரு பந்தோடு கழித்துவிடலாம். ராத்திரி சைக்கிளுக்குப் பின்னால் லைட் கட்டாயம். ரோடு பயமாக இருந்தால் சைக்கிள் வேண்டாம், நடக்கட்டும். ஆனால் மூச்சு வாங்குகிற நடையாக இருக்க வேண்டும். நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது என்றால் வேகம் சரி.

இது ஒரு பாதிதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடினாலும், மீதி நேரம் முழுக்க அசையாமல் உட்கார்ந்தால் அந்த உட்கார்வு தன் வேலையைத் தனியாகச் செய்துகொண்டுதான் இருக்கும். நான் விளையாடியது கோ-கோ. அதில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஆனால் முன்பாதம் மட்டும்தான் தரையில் அழுந்தும், குதிகால் தூக்கியிருக்கும், விரல் நுனி மண்ணில் ஊன்றியிருக்கும். முதுகுக்குப் பின்னால் "கோ" என்று கேட்ட நொடியில் பாய்ந்தாக வேண்டும். தொடையும் கெண்டைக்காலும் விழித்தே இருக்கும். டியூஷன் பெஞ்சில் அவை தூங்கிவிடுகின்றன. அதனால் வீட்டில் படிக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை எழும்பட்டும். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போகட்டும், பாடத்தை நின்றுகொண்டு சொல்லிப் பார்க்கட்டும். படிப்பு கெடாது. ஓடியாடுகிற பிள்ளைக்குத்தான் பாடத்தில் கவனமும் நிற்கிறது.

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பி.டி. பீரியடைக் கேட்டு வாங்கிப் பாடம் நடத்துகிறேன். என் பிள்ளைகள் பாஸாகிறார்கள். நான் செய்வது தவறா?
ஓர் ஆசிரியர், சங்கரன்கோவில்

தவறுதான் சார். உங்கள் அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரத்தில் கிடைக்கிற இரண்டு பீரியடும் போய்விட்டால், வெயிலில் நிற்பதற்கே அதற்கு வேறு நேரம் இல்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் முதலில் பீரியடைத்தான் கேட்டார்கள். கொடுத்தேன். அடுத்த வருஷம், சும்மாதானே கிடக்கிறது என்று கோ-கோ கம்பம் இரண்டையும் பிடுங்கி ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கொட்டகை போட்டார்கள். ஒரு மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது கம்பத்தின் அடி முழுக்கக் கரையான் அரித்திருந்தது. பீரியட் போனால் மைதானம் போகும், மைதானம் போனால் திரும்ப வராது. அந்த நாற்பது நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள் சார். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு வேறு நேரம் பார்ப்போம்.

நான் பஸ் டிரைவர், நாகர்கோவில் ரூட். எனக்குச் சர்க்கரை, இடுப்பு வலி எல்லாம் உண்டு. மகனுக்கு 14 வயது. ஸ்கூல் விட்டு வந்தால் கட்டில், போன், அவ்வளவுதான். ஆனால் குச்சி மாதிரி இருப்பான், தொப்பை கிடையாது. ஒல்லியாக இருக்கிறவன் எதற்கு ஓட வேண்டும் என்று என் வீட்டில் கேட்கிறார்கள்.
ஒரு வாசகர், வள்ளியூர்

டிரைவர் தம்பி, உங்கள் தொழிலில் நடந்த ஒரு ஆராய்ச்சியையே சொல்கிறேன். லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர், அந்த ஊர் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை வருஷக்கணக்கில் கவனித்தார். டிரைவர் நாள் முழுக்க சீட்டில். கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் போடுவார், ஒரு ஷிஃப்டில் ஏறக்குறைய 600 படி. அதே பஸ், அதே ரோடு, அதே புகை. ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது, வந்தவர்களுக்கும் கடுமை குறைவாக இருந்தது. 1953இல் இது வெளிவந்தது. உட்கார்ந்த வேலை இதயத்தைத் தொடும் என்று கணக்கோடு காட்டிய முதல் ஆராய்ச்சிகளில் இது ஒன்று. நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுத்தவர்களையும் நாற்காலியில் இருந்த குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் இதே கதைதான். நம் ஜங்ஷன் பஸ்ஸில், நிற்க இடமில்லாத கூட்டத்தில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்வருகிற கண்டக்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும்.

இப்போது உங்கள் மகன். தொப்பை தெரியவில்லை என்பதால் உள்ளே எல்லாம் சரி என்று வைத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டு உடம்பு எடை குறைவாக இருந்தும் உள்ளே கொழுப்பு கூடுதலாக வைத்திருக்கும் என்று புனே மருத்துவர்கள் ரொம்ப நாளாகவே எடுத்துச் சொல்லி வருகிறார்கள். அதோடு உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, அது குடும்பத்தில் இறங்கும். சாப்பிட்ட சோறு சர்க்கரையாக ரத்தத்துக்கு வரும்போது அதை வாங்கிக்கொள்கிற பெரிய களஞ்சியம் நம் தசை. அதிலும் தொடைத் தசைதான் பெரிது. தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்காகக் காத்திராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கட்டிலில் கிடக்கும்போது அந்தக் கதவு சாத்தியே கிடக்கும். 14 வயதில் தசை வளர்கிற வேகம் பிறகு வராது. அதனால் ஒல்லிப் பையன்தான் இன்னும் கூடுதலாக ஓட வேண்டும்.

உங்கள் பக்கத்து ஊர்களில் கபடி இல்லாத ஊர் உண்டா? மணத்தி கணேசன் 1995இல் அர்ஜுனா விருது வாங்கியது இந்த மண்ணில் காலூன்றி ஆடித்தான். மகனைக் கொண்டுபோய் ஓரத்தில் நிறுத்துங்கள். முதல் வாரம் வேடிக்கைதான் பார்ப்பான். ஒரு ஆள் குறைகிற அன்றைக்கு உள்ளே கூப்பிடுவார்கள். உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன், டிப்போவில் வண்டி நிற்கிற பத்து நிமிடமும் சீட்டிலேயே இருக்காதீர்கள். இறங்கி வண்டியை நாலு சுற்று சுற்றி வாருங்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பு, ஓட்டத்தில் வட்டார அளவில் ஓடியவள். போன வருஷம் வயசுக்கு வந்தாள். அதிலிருந்து அத்தை மைதானத்துக்கு விட மாட்டேன் என்கிறார்கள், கர்ப்பப்பைக்கு ஆகாதாம். பிள்ளையும் இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மாதாமாதம் வலி வேறு. என்ன சொல்லி அத்தையைச் சம்மதிக்க வைப்பது?
ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் கையில் இப்படி எத்தனையோ பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஒருத்தியை மறக்க முடியவில்லை. ஏழாம் வகுப்பில் அவள் ஓடினால் பின்னால் வருகிற பிள்ளைகளுக்குப் புழுதிதான் தெரியும். கோடை விடுமுறை முடிந்து எட்டாம் வகுப்புக்கு வந்தவள் வேறு பிள்ளை. தோளை முன்னால் குறுக்கிக்கொண்டு, தாவணிக்கு மூன்று ஊக்கு குத்தி, கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டியபடி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். "வயிறு வலிக்கு டீச்சர்" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சரி, சும்மா இருக்காதே என்று வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்தேன். அடுத்த வாரமும் கொடுத்தேன். வருஷம் முழுக்க அவள் பதிவேடு பிடித்தாள். அதன் பிறகு ஓடவே இல்லை. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேட்டிருக்க வேண்டும். ரொம்ப நாள் கழித்து அவளே சொன்னாள், உள்ளாடை சரியில்லாமல் ஓடக் கூச்சமாக இருந்தது, துணி மாற்றப் பள்ளியில் இடமும் இல்லை என்று. நான் ஐந்து நிமிடத்தில் தீர்த்திருக்கக்கூடிய விஷயம்.

அதனால் முதலில் மகளிடம் அதைக் கேளுங்கள். ஓட ஏற்ற இறுக்கமான உள்ளாடை, முழு நீள டிராக் பேன்ட், பையில் எப்போதும் ஒரு நாப்கின், மைதானத்துக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. இவை இருந்தால் பாதிப் பிள்ளைகள் தானாகவே மரத்தடியை விட்டு எழும்பிவிடுவார்கள்.

அத்தையிடம் இப்படிச் சொல்லுங்கள். ஓடுவதால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. அத்தை சின்ன வயதில் தாமிரபரணியில் நீந்தியிருப்பார்கள், தலையில் புல்லுக்கட்டோடு வரப்பில் நடந்திருப்பார்கள், நாற்று நட்டிருப்பார்கள். அப்புறம்தானே பிள்ளை பெற்றார்கள்? மாதவிடாய் வலியோ, தவறாமல் உடற்பயிற்சி செய்கிற பிள்ளைகளில் பலருக்குக் குறையத்தான் செய்கிறது. வலி வந்து பள்ளிக்கே போக முடியவில்லை, அல்லது போக்கு அதிகம் என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும், ரத்தம் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற இரும்புச் சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறியாமல் விழுங்குகிறாளா என்று விசாரியுங்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பொறுக்கியிருக்கிறேன்.

இன்னொன்றையும் அத்தை தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாலே ஒத்துக்கொள்வார்கள். பெண் பிள்ளைக்கு எலும்பில் சேர வேண்டிய பலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பாலும் கேழ்வரகும் கொடுத்தால் மட்டும் அது சேராது. குதிக்க வேண்டும், ஓட வேண்டும். தரையில் கால் அடிக்கிற ஒவ்வொரு அடியும் எலும்புக்கு இன்னும் கெட்டியாகு என்று சொல்லும். வயசுக்கு வந்தவுடன் உட்கார வைப்பது, உண்டியலில் காசு போட வேண்டிய வருஷங்களில் அதன் வாயை அடைப்பது போல.

இது அம்பாசமுத்திரத்தில் மட்டும் நடக்கவில்லை. 146 நாடுகளில் பள்ளிக்குப் போகும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுத்த விவரத்தை 2019இல் உலக சுகாதார நிறுவனத்தார் வெளியிட்டார்கள். தேவையான அளவு ஓடியாடாதவர்கள் நூற்றுக்கு 81 பேர். பையன்களில் 78, பெண் பிள்ளைகளில் 85. 2001இலிருந்து 2016 வரை பையன்களிடம் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிந்தது. பெண் பிள்ளைகளிடம் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. உங்கள் மகள் அந்த மீதி 15 பேரில் ஒருத்தியாக இருந்தவள் அம்மா. அவளை விட்டுவிடாதீர்கள். அத்தைக்கு இன்னும் மனம் வரவில்லை என்றால் ஒரு நாள் அவர்களையே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேத்தி ஓடுவதை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

டீச்சர், எனக்கு 16 வயசு. ஜிம்முக்குப் போய் வெயிட் தூக்கினால் வளர மாட்டோம் என்கிறார்கள். உண்மையா? புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?
ஒரு மாணவன், தென்காசி

வளர்த்தி நிற்காது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, தூக்க முடிகிற எடையை ஒழுங்கான முறையில் தூக்கினால் நல்லதுதான். வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தருகிற பயிற்சி உன் வயசுக்கு வேண்டும். ஆனால் முதலில் தண்டாலும் பஸ்கியும் இருபது இருபது, முதுகு வளையாமல் எடுத்துக் காட்டு. பவுடர் வேண்டாம். உங்கள் வீட்டில் உளுந்தஞ்சோறு உண்டு, முட்டை உண்டு, அவித்த கடலை உண்டு. அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஷூ வாங்கிக்கொள்.

மகன் ஒன்பதாம் வகுப்பு. விடிந்தால் போன், அடைந்தால் போன். பிடுங்கி வைத்தால் சாப்பிட மாட்டேன் என்று ரகளை. பள்ளி விட்டு வந்தால் வெயில் வேறு கொளுத்துகிறது என்கிறான். கண்ணாடி பவர் வருஷா வருஷம் ஏறுகிறது.
ஓர் அப்பா, நாங்குநேரி

போனைப் பிடுங்கினீர்கள். சரி, அந்த நேரத்தில் அவன் என்ன செய்ய வேண்டும் என்று இருந்தது? பிடுங்குவதற்கு முன்னால் அதை ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் தெருவில் இப்படித்தான் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா ஒரு பழைய வாலிபால் வலையை இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தானே தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஐந்தாம் நாள் இவன் வந்தான். போன் இன்னும் இருக்கிறது, ராத்திரி ஏழு மணிக்கு மேல்.

வெயில் என்று அவன் சொல்வது நியாயம்தான். நாங்குநேரியில் சித்திரை, வைகாசி நாலு மணி வெயிலில் யாரும் ஓட வேண்டாம். காலை ஆறு மணிக்கோ சாயங்காலம் ஐந்தரைக்கு மேலோ வெளியே போகலாம். கண்ணுக்கும் அதில் லாபம் உண்டு. சீனாவில் குவாங்சோ நகரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் நூற்றுக்கு 30 பேர், மற்றவர்களில் 40 பேர். 2015இல் வெளியான ஆராய்ச்சி இது. உங்கள் மகன் பெரிய பையன், ஏறிய பவர் இறங்காது. ஆனால் தம்பி தங்கை இருந்தால் அவர்களை இப்போதே வெளியே அனுப்புங்கள். இன்னொன்று, ராத்திரி போன் அவன் தலையணைக்கடியில் இருக்கக் கூடாது, உங்கள் போனும் உங்கள் தலையணைக்கடியில் இருக்கக் கூடாது. இரண்டையும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் போடுங்கள். இந்த வயசுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூங்காத பிள்ளை எப்படி ஓடும்?

டீச்சர், நாங்க பெண் பிள்ளைங்க நாலு பேர்தான் தெருவில இருக்கோம். மைதானத்துக்குப் போனா பையங்க கிரிக்கெட் விளையாடுறாங்க, இடம் விடமாட்டேங்காங்க. நாலு பேர வச்சு என்ன விளையாடலாம்? எங்க அம்மா பீடி சுத்துறாங்க. ஸ்கூல் விட்டு வந்து நானும் கூட உக்காந்து நூல் கட்டுவேன். முதுகு வலிக்கி.
ஒன்பதாம் வகுப்பு மாணவி, முக்கூடல்

எம்மா, முதலில் அந்த முதுகு. பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிந்தே இருப்பதால் வருகிற வலி அது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார், தட்டுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து உயர்த்திக்கொள். ஒரு கட்டு முடிந்ததும் எழும்பி, இரண்டு கையையும் மேலே தூக்கிப் பின்னால் சாய்ந்து பத்து எண்ணு. அம்மாவையும் எண்ணச் சொல். அவர்கள் காலையிலிருந்து அந்த இடத்தில் இருக்கிறார்கள், உன்னைவிட அவர்களுக்குத்தான் இது அதிகம் வேண்டும்.

மைதானம் பற்றி உங்கள் பி.டி. சாரிடம் நாலு பேருமாகப் போய்க் கேளுங்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்கு என்று ஊரில் பேசி ஒதுக்க முடியும். நான் இரண்டு ஊரில் பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசி வாங்கியிருக்கிறேன். அதுவரை தெருவே போதும். கோ-கோவுக்கும் கிளியந்தட்டுக்கும் ஆள் பத்தாது. நாங்கள் சின்ன வயதில் 'நாலு மூலை' என்று ஒன்று விளையாடுவோம். நாலு மரமோ, நாலு திண்ணை மூலையோ பார்த்துக்கொள். மூலைக்கு ஒருத்தி, நடுவில் ஒருத்தி. மூலையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிவிட்டு இடம் மாறி ஓட வேண்டும். அந்த இடைவெளியில் நடுவில் நிற்கிறவள் காலியான மூலையைப் பிடித்துவிட வேண்டும். இடம் போனவள் நடுவுக்கு வர வேண்டும். கால் மணி நேரத்தில் மூச்சு முட்டிவிடும்.

அதற்கு ஐந்து பேர் வேண்டும். நீங்கள் நாலு பேர் இருக்கிறீர்கள். அம்மாவிடம் தட்டை இறக்கி வைத்துவிட்டு வரச் சொல்.